வேலையை விட்டுட்டு சொந்தமா மிஷின் போடணும்னா எப்ப பேப்பர் போடறது?

கோயம்புத்தூர்ல ஒரு மிஷினிங் கம்பெனில, மிஷினை செட் பண்ற செட்டராவோ புரோகிராமராவோ சூப்பர்வைசராவோ சில வருஷம் இருந்துட்டா போதும், சொந்தமா ஒரு மிஷின் போட்டா என்னங்கற நெனப்பு தானா வந்துடும். கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ, அரசூர்னு எந்தப் பக்கம் போனாலும் ஷெட்டுக்குள்ள கம்ப்யூட்டர் புரோகிராம்ல இரும்பு வெட்டற ஒரு சிஎன்சியோ விஎம்சியோ ஓடிட்டு இருக்கும், ஓனரைக் கேட்டா அவரும் முன்னாடி யார்கிட்டயோ வேலை பாத்துட்டு வெளிய வந்தவராத்தான் இருப்பாரு. அதனால போடலாமா வேண்டாமாங்கறதை நான் பேசப்போறதில்ல. எப்ப வேலையை விடறது, அது மட்டுந்தான். நல்லா தொழில் தெரிஞ்சவங்க, மைக்ரான் கணக்குல வேலை எடுக்கறவங்க, தேதியை மட்டும் தப்பா எடுத்துட்டு ரெண்டாவது வருஷமே மிஷினை வித்துட்டு மறுபடி டிபன் பாக்ஸ் தூக்கிட்டுப் போறதைப் பாக்கறப்ப மனசு ரொம்ப கஷ்டமாயிடுது. தொழில் தெரியாம தோக்கறது வேற, கையில காசு தீந்து போனதால தோக்கறது வேற.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேலையை விடற தேதியை தைரியம் முடிவு பண்ணக்கூடாது, பஞ்சாங்கம் முடிவு பண்ணக்கூடாது, மேனேஜர் மேல வர்ற கோவம் சுத்தமா முடிவு பண்ணவே கூடாது. நீங்க செஞ்சு குடுத்த வேலைக்கு பணம் உங்க அக்கவுன்ட்ல வந்து விழறதுக்கு எத்தனை நாள் ஆகுதுன்னு நீங்களே அனுபவிச்சுப் பாத்த பிறகுதான் தேதி குறிக்கணும்.

"நீங்க ஆரம்பிங்க, லோடு நான் தர்றேன்"

லோடுன்னா மிஷினுக்கு வர்ற வேலை. இந்த வார்த்தையை நம்பித்தான் முக்கால்வாசி ரிசைன் லெட்டர் எழுதப்படுது. சொல்றவரு பொய் சொல்றாருன்னு அர்த்தம் இல்ல, ஒரு பர்ச்சேஸ் ஆளு உங்க வேலையைப் பாத்து உண்மையான பிரியத்துலதான் சொல்லுவாரு. ஆனா அவர் சொன்னதுக்கும் உங்க மிஷின் ஓடறதுக்கும் நடுவுல நிறைய இருக்கு. அவங்க கம்பெனில உங்களை சப்ளையரா பதிஞ்சு வெண்டர் கோடு ஓப்பன் பண்ணனும், சாம்பிள் குடுக்கணும், க்வாலிட்டில பாஸ் ஆகணும், ரேட்டு பேசணும், ஏற்கனவே அந்த பார்ட்டை ஓட்டிட்டு இருக்கற வெண்டர்கிட்ட இருந்து எடுத்து உங்களுக்குக் குடுக்க அவங்க மேனேஜ்மென்ட் ஒத்துக்கணும், இதுக்கெல்லாம் நடுவுல அந்த பர்ச்சேஸ் ஆளே வேற கம்பெனிக்குப் போயிட்டாருன்னா கதை முடிஞ்சுது.

அதனால வாய் வார்த்தையை ஒரு பக்கம் வெச்சுட்டு, உங்க பேர்ல ஒரு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), அதே பார்ட்டுக்கு ரெண்டாவது தடவையும் ஒரு பிஓ, ரெண்டுக்கும் பணம் வந்திருக்கு, இப்படி ஒரு கஸ்டமராவது இருக்காருன்னா அதைத்தான் லோடுன்னு எண்ணணும். ரெண்டு கஸ்டமர் இருந்தா இன்னும் நல்லது, அதுவும் ரெண்டு பேரும் ஒரே லைன்ல இல்லாம இருக்கணும். ரெண்டு பேருமே பம்ப் கம்பெனியா இருந்தா பம்ப் சீசன் படுத்தா ரெண்டும் சேந்து படுக்கும்.

வேலைல இருந்துட்டே இதை எப்படி செஞ்சு பாக்கறதுன்னு கேப்பீங்க. மிஷின் வாங்காமயே செய்யலாம். தெரிஞ்ச ஷெட்டுல மிஷின் சும்மா நிக்கற நேரத்தை மணிக்கு இவ்வளவுன்னு பேசி எடுத்துக்கங்க, ஞாயித்துக்கிழமையோ நைட் ஷிப்டோ, புரோகிராம் நீங்க போடுங்க, செட்டிங் நீங்க பண்ணுங்க, ஓட்டறதுக்கு அங்க இருக்கற ஆப்பரேட்டரே இருக்கட்டும். லாபம் பெருசா நிக்காது, நிக்க வேண்டியதும் இல்ல. கொட்டேஷன் போடறது, டெலிவரி சலான் எழுதறது, ரிஜெக்ஷனுக்கு பணம் பிடிச்சு டெபிட் நோட் வந்தா பேசறது, பேமென்ட்டுக்கு போன் அடிக்கறதுன்னு கம்பெனில உங்க கண்ணுக்கே படாத வேலையெல்லாம் அப்பத்தான் தெரிய வரும். பார்ட் செய்யறது உங்களுக்கு ஏற்கனவே தெரியும், மிச்சத்தைக் கத்துக்கறதுக்குத்தான் இந்த ஆறேழு மாசம்.

இதுல ஒரு கண்டிஷன் இருக்கு, இதை மீறாதீங்க. நீங்க சம்பளம் வாங்கற கம்பெனியோட கஸ்டமரை அந்த சமயத்துல தொடாதீங்க, அவங்க டிராயிங்கை பென் டிரைவ்ல எடுத்துட்டு வராதீங்க, அவங்க இன்சர்ட்டை (டூல்ல மாட்டற வெட்டு முனை) பாக்கெட்ல போட்டுட்டு வராதீங்க. வேலையை விட்ட பிறகு அதே தொழில் செய்யவே கூடாதுன்னு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல எழுதியிருந்தா அது இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவுப்படி செல்லாது, அதைப் பாத்து பயப்பட வேண்டியதில்ல. ஆனா வேலைல இருக்கறப்பவே போட்டியா தொழில் பண்றதும் ரகசியத்தை வெளிய எடுக்கறதும் தனி விஷயம், அதுக்கு கேஸே போடலாம். கேஸை விடுங்க, இந்த ஊர்ல யாரு எப்படி வெளிய வந்தாங்கன்னு டீக்கடை வரைக்கும் தெரிஞ்சுடும், அந்தப் பேரோட எந்த கம்பெனி கேட்டுக்குள்ளயும் போக முடியாது.

மணிக்கு எவ்வளவுன்னு தெரியாம விடாதீங்க

இதுல கொஞ்ச நேரம் நின்னு பேசணும். கணக்கை நான் ஒரு உதாரணத்துக்குப் போடறேன், உங்க ஏரியா வாடகை, உங்க வட்டி, உங்க வீட்டுச் செலவை வெச்சு நீங்க மாத்திப் போட்டுக்கங்க.

புது விஎம்சி ஒண்ணு, லோன் 22.5 லட்சம், அஞ்சு வருஷம், வட்டி 10.5 பர்சன்ட்னா இஎம்ஐ சுமார் 48 ஆயிரம். ஷெட் வாடகை 15 ஆயிரம், ஆப்பரேட்டர் 22, கரண்ட் 18, இன்சர்ட் டூல் கூலன்ட் ஆயில் எல்லாம் 15, ஆடிட்டர் வண்டி வாடகை டீ செலவு 7. மொத்தம் ஒண்ணேகால் லட்சம் மிஷினுக்கே போயிடுது. உங்க வீட்டுக்கு 40 ஆயிரம் வேணும்னா 1,65,000. இப்ப மணி. எட்டு மணி நேரம், 26 நாள், 208 மணின்னு பேப்பர்ல வரும். ஆனா செட்டிங் மாத்தறது, காஸ்டிங் (வார்ப்பு) வர லேட்டு, கரண்ட் போறது, ஆப்பரேட்டர் லீவு எல்லாம் போக பில்லுல ஏறற மணி 150 வந்தா பெரிசு. 1,65,000ஐ 150ஆல வகுத்தா மணிக்கு 1,100 ரூபா. உங்களுக்கு கஸ்டமர் தர்ற ரேட்டு மணிக்கு 500ன்னு வெச்சுக்கங்க, இது ஆகற காரியமே இல்ல. சரி, ரெண்டு ஷிப்ட் ஓட்டலாம்னா இன்னொரு ஆப்பரேட்டர், கூட கரண்ட், கூட டூல் சேத்து 2,09,000 வரும், மணி 300 ஆகும், அப்பவும் கிட்டத்தட்ட 700.

இதே கணக்கை பழைய மிஷினுக்குப் போட்டுப் பாருங்க. லோன் 9 லட்சம்னா அதே வட்டிக்கு இஎம்ஐ 19 ஆயிரத்துக்கு கொஞ்சம் மேல. வாடகை 12, பகல் ஷிப்ட் நீங்களே ஓட்டறீங்க, நைட்டுக்கு ஒரு ஆளு 22, கரண்ட் 20, டூல் 18, இதர செலவு 7. மிஷின் செலவு 98 ஆயிரம், வீட்டோட சேத்து 1,38,000, 300 மணிக்கு வகுத்தா 460. இப்ப 500 ரேட்டுல மூச்சு விட முடியுது. புது மிஷின் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல, டாலரன்ஸ் கடுமையான வேலை, ஏரோஸ்பேஸ், டை மோல்டுன்னு போறவங்களுக்கு ரேட்டும் வேற. ஆனா கொடிசியா வளாகத்துல நடக்கற இன்டெக் மிஷின் கண்காட்சிக்குப் போய், ஸ்டால்ல மிஷின் ஓடற அழகுல மயங்கி, இந்தக் கணக்கு போடாம அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க.

இந்த 460ங்கற நம்பர் எதுக்கு வேணும்னு ஒரு பார்ட்டை வெச்சே காட்டறேன். காஸ்ட் அயர்ன் ஃபிளான்ஜ் ஒண்ணு, ஃபேஸ் மில்லிங், போர், ஆறு டிரில், ஆறு டேப்பிங். சைக்கிள் டைம் ஏழு நிமிஷம் வருது. லோடிங், அன்லோடிங், ஏர் அடிச்சு கிளீன் பண்றது, கேஜ் போட்டுப் பாக்கறது ஒன்றரை நிமிஷம். டூல் மாத்தறதுக்கும் ஆஃப்செட் குடுக்கறதுக்கும் பீஸுக்கு அரை நிமிஷம் வெச்சா ஒன்பது நிமிஷம். மணிக்கு 500ன்னா பீஸுக்கு 75 ரூபா. பர்ச்சேஸ்ல 62க்கு வேற ஆளு குடுக்கறான்னு சொல்லுவாங்க. 62க்கு ஒத்துக்கிட்டா உங்க மணி ரேட்டு 413 ஆயிடுது, அதாவது ஒவ்வொரு மணியும் 47 ரூபாயை உங்க வீட்டுச் செலவுல இருந்து எடுத்து அந்தக் கம்பெனிக்குக் குடுக்கறீங்க. மிஷின் ராத்திரி பகலா ஓடும், பாக்கறவங்க நல்ல லோடுன்னு சொல்லுவாங்க, மாசக் கடைசில இஎம்ஐக்கு நகையைத் தூக்கிட்டு ஓடணும். மணிக்கு எவ்வளவுன்னு மனசுல பதிஞ்சு, முடியாதுன்னு சொல்ல வாய் வர்ற வரைக்கும் சம்பளத்தை விடாதீங்க.

அந்த ஃபிளான்ஜ்ல இன்னொண்ணும் பேசி வெச்சுக்கணும். கடைசி ஆபரேஷன்ல போர் ஓட்டறப்ப ப்ளோ ஹோல் (வார்ப்புக்குள்ள இருக்கற காத்து ஓட்டை) தெரியும். காஸ்டிங் அவங்க குடுத்தது, தப்பு ஃபவுண்டரியோடது, ஆனா நீங்க ஓட்டின ஒன்பது நிமிஷத்துக்கு யார் காசு குடுப்பாங்கன்னு பிஓ வாங்கறப்பவே கேட்டுடுங்க. பெரும்பாலும் மெட்டீரியல் ரிஜெக்ஷனுக்கு மிஷினிங் சார்ஜ் கிடையாதுன்னுதான் சொல்லுவாங்க, பாதியாவது கேட்டு வாங்குங்க.

பணம் வர்ற வழி

ஜூன் 5ஆம் தேதி மால் குடுத்துட்டீங்கன்னு வெச்சுக்கங்க. 60 நாள் கிரெடிட்டுன்னா ஆகஸ்ட் 4ல பணம் வரும்னு நெனப்பீங்க. பல கம்பெனில மாசக் கடைசில இருந்துதான் எண்ணுவாங்க, அதாவது ஜூன் 30ல இருந்து 60 நாள், ஆகஸ்ட் 29 ஆச்சு. அவங்க பேமென்ட் போடற தேதி மாசம் 10ன்னா செப்டம்பர் 10. க்வாலிட்டில ஜிஆர்என் (மால் வந்து சேந்ததுன்னு போடற சீட்டு) போட லேட்டாகி பில்லு ஜூலை கணக்குல விழுந்துச்சுன்னா அக்டோபர் 10. இந்தக் காலம் முழுக்க இஎம்ஐ, வாடகை, ஆப்பரேட்டர் சம்பளம், வீட்டு மளிகை எதுவும் நிக்காது. பில்லுல போட்ட ஜிஎஸ்டியும் கஸ்டமர் பணம் குடுத்தாலும் குடுக்காட்டியும் நீங்க அரசாங்கத்துக்குக் கட்டியாகணும்.

நம்ம பழைய மிஷின் கணக்குப்படி மாசம் 1,38,000, மூணு மாசத்துக்கு 4,14,000, நாலு மாசத்துக்கு 5,52,000. இது மிஷின் லோனுக்கு நம்ம கையில இருந்து போடற மார்ஜின் பணத்தைத் தவிர்த்து தனியா கையில இருக்கணும், எஃப்டியாவோ சேவிங்ஸாவோ. சீட்டு எடுத்தா வந்துடும், மச்சான் தர்றேன்னாருங்கறதெல்லாம் இதுல சேராது. நகையை அடமானம் வெச்சு இந்தத் தொகையை சேக்கறது வேண்டாம்னுதான் சொல்லுவேன், நகை கடைசிக் கைக்கு இருக்கட்டும். எத்தனை மாசத்துக்கு வேணும்னு முடிவு பண்றது நீங்க இல்ல, உங்க கஸ்டமர். அதனாலதான் வேலைல இருக்கறப்பவே ஒரு பில்லு போட்டு பணம் வர்ற வரைக்கும் எண்ணிப் பாருங்கன்னு சொன்னேன். 45 நாள்ல குடுக்கற கஸ்டமர் மணிக்கு 30 ரூபா கம்மியா குடுத்தாலும் உங்க கணக்கு தாங்குதான்னு பாருங்க, தாங்கினா 120 நாள் ஆக்கறவரை விட அவரே மேல்.

சட்டம் உங்க பக்கம் கொஞ்சம் இருக்கு, அதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. சிறு தொழில்னு அரசாங்கத்துல பதியற உதயம் ரெஜிஸ்ட்ரேஷன் ஆன்லைன்ல இலவசம், ஆயிரம் ரூபா குடுங்கன்னு கேக்கற ஏஜென்ட்டுகிட்ட போகாதீங்க. 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துல என்ன ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள், தாண்டினா ரிசர்வ் வங்கி ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. 2023-24 கணக்கு வருஷத்துல இருந்து, அந்த நாளுக்குள்ள குடுக்காத பணத்தை வாங்கற கம்பெனி அந்த வருஷச் செலவா காட்டி வரி கழிக்க முடியாது, குடுத்த வருஷத்துலதான் கழிக்கலாம். இந்த ரூல் வந்த பிறகு பெரிய கம்பெனிங்களே உதயம் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கறாங்க, மார்ச் மாசம் பேமென்ட்டும் கொஞ்சம் நகருது. ஆனா புதுசா உள்ள போன வெண்டருக்கு முதல் வருஷமே, பேமென்ட் புகாரை விசாரிக்கற எம்எஸ்எம்இ கவுன்சில்ல புகார் போட மனசு வராது, அது எனக்கும் புரியுது. அதனால சட்டத்தை நம்பி தேதி குறிக்காதீங்க, வர்ற நாளை எண்ணிக் குறிங்க.

ஜிஎஸ்டில ஒரு நுணுக்கம். கஸ்டமர் குடுக்கற மெட்டீரியல்ல வேலை செஞ்சு குடுக்கற ஜாப் ஒர்க் சேவைக் கணக்குல வருது, அதனால உங்களுக்கு வரம்பு வருஷம் 20 லட்சம், பொருள் விக்கறவங்களுக்குச் சொல்ற 40 லட்சம் இல்ல. எப்படியும் கம்பெனிங்க ஜிஎஸ்டி பில்லு இல்லாம உள்ள விட மாட்டாங்க. மிஷின் வாங்கறதுக்கு முன்னாடியே நம்பர் எடுத்துடுங்க, அப்பத்தான் மிஷின் மேல கட்டின ஜிஎஸ்டி இன்புட்டா வந்து, முதல் சில மாசம் கட்ட வேண்டிய வரில கழிஞ்சுடும். பணம் வராத அந்த மாசங்கள்ல இது எவ்வளவு பெரிய உதவின்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். பழைய மிஷின் வாங்கினாலும் வரி தனியா காட்டின பில்லோட வாங்க முடியுதான்னு பாருங்க.

லோன், மானியம் எல்லாம் சம்பளம் வர்றப்பவே

மாவட்ட தொழில் மையத்துல ரெண்டு திட்டம் பாக்கலாம். மத்திய அரசோட பிஎம்இஜிபி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரைக்கும், மானியம் 15ல இருந்து 35 பர்சன்ட் வரைக்கும், ஊரையும் பிரிவையும் பொறுத்து. தமிழ்நாடு அரசோட நீட்ஸ், அதாவது முதல் தலைமுறை தொழில்முனைவோருக்கு, திட்டச் செலவு 10 லட்சத்துல இருந்து 5 கோடி வரைக்கும், 25 பர்சன்ட் மானியம், வட்டில 3 பர்சன்ட் கழிவு, பிளஸ் டூ, டிகிரி, டிப்ளமா, ஐடிஐ படிச்சவங்களுக்கு.  இதெல்லாம் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கான திட்டம், முதல்ல மிஷினைப் போட்டுட்டு அப்புறமா மானியம் கேட்டா கிடைக்காது. விண்ணப்பம், நேர்காணல், பேங்க் மேனேஜர், பயிற்சின்னு மாசக்கணக்குல போகும், அந்த மாசமெல்லாம் நீங்க சம்பளத்துல இருக்கணும். இன்னொண்ணு, பிஎம்இஜிபி மானியம் கையில வராது, உங்க பேர்ல பேங்க்லயே மூணு வருஷம் டெபாசிட்டா நிக்கும், அப்புறம்தான் லோன்ல கழியும். மானியம் வந்ததும் டூல் வாங்கிக்கலாம்னு கணக்கு போட்டவங்க நடுவுல மாட்டிக்கறாங்க.

ஷெட்டைப் பாக்கறப்ப த்ரீ ஃபேஸ் லைன் ஏற்கனவே இருக்கற இடமா பாருங்க. 12 கிலோவாட் வரைக்கும் குறுந்தொழிலுக்கு 3ஏ1ங்கற கரண்ட் டேரிஃப் இருக்கு, விஎம்சி, கம்ப்ரசர் எல்லாம் சேந்தா சுலபமா அதைத் தாண்டி 3பிக்குப் போயிடும். அங்க மிஷின் ஓடினாலும் ஓடாட்டியும் கிலோவாட்டுக்கு இவ்வளவுன்னு ஃபிக்ஸட் சார்ஜ் கட்டணும். 2023 செப்டம்பர்ல சிறு குறு தொழில்காரங்க மிஷினை நிறுத்திப் போராட்டம் பண்ணினதே இந்த ஃபிக்ஸட் சார்ஜுக்கும் பீக் ஹவர் சார்ஜுக்கும்தான். தேவைக்கு மேல கரண்ட் லோடு வாங்கிப் போட்டுடாதீங்க.

வீடு வாங்கற யோசனையோ பேங்க் கார்டோ ஏதாச்சும் இருந்தா அதையும் சம்பள சிலிப் இருக்கறப்பவே முடிச்சுக்கங்க, தொழில் ஆரம்பிச்சுட்டா ரெண்டு மூணு வருஷம் ஐடி ரிட்டர்ன் காட்டுன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரே சமயத்துல ஹவுசிங் லோனும் மிஷின் லோனும் தலைல ஏத்திக்கறது எனக்கு உடன்பாடு இல்ல.

வீட்டுப் பக்கம்

கிராஜுவிட்டி அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான். கடைசி பேசிக் டிஏவை 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்குங்க. பேசிக் 20 ஆயிரம், எட்டு வருஷம்னா 92 ஆயிரம் சொச்சம், கிட்டத்தட்ட ஒரு மாச மிஷின் செலவு அதுலயே போயிடும். நாலே முக்கால் வருஷத்துல விடற யோசனைல இருந்தா பல்லைக் கடிச்சுட்டு முடிச்சுட்டு வாங்க. அஞ்சாவது வருஷத்துல 240 நாள் போதும்னு சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கு, ஆனா கம்பெனி ஒத்துக்காம இழுத்தா அதுக்கு அலைய உங்களுக்கு அப்ப நேரம் இருக்காது. பிஎஃப்ல பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேணும், ஒன்பது வருஷத்துல நிக்கறவங்க இதையும் யோசிங்க. பிஎஃப் பணத்தை மிஷின் மார்ஜினுக்கு எடுக்கறவங்க நிறைய பேரு, என்னைக் கேட்டா அதைத் தொடாம இருக்கறதுதான் நல்லது.

மெடிக்கல் இன்சூரன்ஸ்தான் எல்லாரும் மறக்கறது. கம்பெனி குரூப் பாலிசி கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும், அம்மா அப்பாவுக்கு சுகர் பிரஷர் இருந்தா புது பாலிசில ஏற்கனவே இருக்கற வியாதிக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்பு போடலாம். ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட பேசி தனி பாலிசிக்கு மாத்திக்கங்க, குரூப்ல இருந்த வருஷங்கள் கணக்குல வர்ற மாதிரி கேட்டு வாங்குங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்ல, அது ஒரு ஆறுதல். இஎஸ்ஐல இருக்கறவங்களும் இதே மாதிரி முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கணும்.

வீட்டுக்காரம்மாகிட்ட முழுக் கணக்கையும் சொல்லுங்க. "எல்லாம் நான் பாத்துக்கறேன்"னு சொல்லாதீங்க. எந்த மாசம் வரைக்கும் வீட்டுக்கு எவ்வளவு வரும், எந்த மாசம் வராதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஸ்கூல் ஃபீஸ் வர்ற ஜூன் மாசத்துக்கு அவங்களே ஒரு வழி வெச்சிருப்பாங்க. அவங்க வேலைக்குப் போறவங்களா இருந்தா நீங்க இன்னும் கொஞ்சம் சீக்கிரமே விடலாம், வீட்டுச் செலவு அந்த சம்பளத்துல ஓடினா மேல சொன்ன மணி ரேட்டே இறங்கிடும்.

எந்த மாசம்?

ஆயுத பூஜை அன்னிக்கு மிஷினுக்குப் பூஜை போட்டுடணும்னு ஆசை எல்லாருக்கும் இருக்கும். பூஜை போடுங்க, தப்பே இல்ல. ஆனா அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல தீபாவளி, ஆளுங்க ஊருக்குப் போயிட்டு திரும்பி வந்து லைன் செட்டாக ரெண்டு வாரம் ஆயிடும், முதல் இஎம்ஐ அந்த நேரத்துலதான் வரும். பம்ப் வேலை பாக்கறவங்க வெயில் காலத்துக்கு முன்னாடி வர்ற லோடைப் பாத்துட்டு இதுதான் வருஷம் முழுக்கன்னு நெனச்சுடாதீங்க, மழை பெய்ய ஆரம்பிச்சா பாதியாயிடும். ஒரு முழு வருஷம் அந்த லைன் எப்படி ஏறி இறங்குதுன்னு நீங்க வேலை பாக்கற கம்பெனிலயே டிஸ்பேட்ச்ல பாத்திருப்பீங்க, அந்த அறிவை உபயோகிங்க. பம்ப்னா நவம்பர் டிசம்பர்ல வெளிய வர்றது சரியா இருக்கும், தீபாவளி போனஸும் வாங்கியிருப்பீங்க, லோடும் ஏறப் போகுது.

ஓனர்கிட்ட சொல்றது

சொல்லாம கொள்ளாம நின்னுடாதீங்க, வேற கம்பெனிக்குப் போறேன்னு பொய்யும் சொல்லாதீங்க. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு அவர் ஃப்ரீயா இருக்கறப்ப நேரா போங்க.

"சார், ஒரு விஷயம் பேசணுங்க."

"என்னப்பா, லீவா?"

"இல்லீங்க சார். சொந்தமா ஒரு மிஷின் போடலாம்னு இருக்கறனுங்க. உங்ககிட்டதான் முதல்ல சொல்றனுங்க. நோட்டீஸ் பீரியட் மட்டுமில்லீங்க, ரெண்டு மாசம் இருந்து பையனுக்கு எல்லா புரோகிராமும் சொல்லிக் குடுத்துட்டே போறனுங்க."

கோவப்படுவாரு, சில பேரு ஒரு வாரம் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. ஆனா அவர் கோவமும் பாதி, நாளைக்கு இந்த ஃபிக்சரை யாரு செட் பண்ணுவாங்கங்கற கவலைலதான் வருது. நீங்க அந்தக் கவலையைத் தீத்துட்டுப் போனீங்கன்னா, அவருக்கு மிஷின் நிரம்பி வழியற மாசத்துல வெளிய வேலை குடுக்க முதல்ல ஞாபகம் வர்ற ஆளு நீங்கதான். உங்க கைவேலை எப்படின்னு அவருக்குத் தெரியும், சாம்பிள் கேக்க மாட்டாரு, சிலர் தன்னோட பழைய மிஷினையே தவணைல குடுக்கறதும் இந்த ஊர்ல நடக்கறதுதான். கோவம் தணியாம லோடே தராத ஓனரும் உண்டு, அதனால அவரை நம்பி கணக்கு போடாதீங்க, வந்தா சந்தோஷம்.

ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பிஎஃப்ல வேலை விட்ட தேதி அப்டேட் ஆச்சா, கடைசி மாச சம்பளம், லீவு பணம் எல்லாம் கையோட முடிச்சுக்கங்க.

திரும்பி வர்ற எல்லை

தனியா வெச்ச அந்த நாலு மாசப் பணத்துல ஒரு மாசத்துக்கானது மட்டும் மிச்சம் இருக்கறப்ப, வரவேண்டிய பாக்கியும் சேத்து அடுத்த ரெண்டு மாசம் ஓடாதுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே நிறுத்தி யோசிக்கணும். பகல்ல மறுபடி ஒரு வேலைக்குப் போயிட்டு நைட்டு மட்டும் மிஷினை ஓட்டலாம், மிஷினையே ஆளோட மணி வாடகைக்கு விடலாம், இல்லன்னா நல்ல விலை வர்றப்பவே வித்து லோனை மூடலாம். விஎம்சி செட்டருக்கும் புரோகிராமருக்கும் கோயம்புத்தூர்ல வேலை கிடைக்காம போகாது, திரும்பிப் போறதுல கேவலம் எதுவும் இல்ல. தனி வட்டிக்கு வாங்கி இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் பாக்கலாம்னு மட்டும் இறங்காதீங்க, கஷ்டப்பட்டவங்களோட கதையெல்லாம் அங்கதான் மோசமாச்சு. அந்த எல்லை எவ்வளவுன்னு பேப்பர் போடறதுக்கு முந்தின வாரம், தலை தெளிவா இருக்கறப்ப, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உக்காந்து ஒரு நோட்டுல எழுதிடுங்க. மிஷின் ஓட ஆரம்பிச்சுட்டா அதை எழுத மனசு வராது.